ஏழாம் எண் மணியடிக்கும்: கணினித் திரையையும் மணியையும் கட்டளையால் மாற்றுவோம்

லினக்ஸ் இயங்கும் கணினியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும் தெரியும் பகுதியைப் பார்த்திருப்பீர்கள். படமும் இல்லை, சுட்டியும் தேவையில்லை. கட்டளையைத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தினால் கணினி பதில் எழுதும். அதற்குக் கன்சோல் என்று பெயர். அங்கே டேப் விசையைத் தவறான இடத்தில் அழுத்தினால் "பீப்" என்று ஓர் ஒலி வரும். கணினி அறையில் முப்பது பேர் ஒரே நேரத்தில் பயிற்சி செய்தால் அந்த ஒலி எவ்வளவு தொல்லை தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒலியை நிறுத்த முடியுமா? உயர்ந்த சுருதியைத் தாழ்த்த முடியுமா? வெள்ளை எழுத்தைப் பச்சையாக்க முடியுமா? எல்லாம் முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதைவிடப் பெரிய பாடம் ஒன்று கிடைக்கும். கணினியிலிருந்து திரைக்குச் செல்லும் எழுத்துகளும், திரையை ஆட்டிவைக்கும் கட்டளைகளும் ஒரே பாதையில்தான் செல்கின்றன. இந்த ஏற்பாட்டால் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் இன்று பார்ப்போம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன். எழுத்துக்கூட்டலில் ஐயம் வரக்கூடிய இடங்களில் விளக்கமும் தருகிறேன்.

மணி எங்கிருந்து வந்தது?

திரை வருவதற்கு முன்பு, கணினியோடு பேசுவதற்குத் தொலைத்தட்டச்சுப் பொறி பயன்பட்டது. ஆங்கிலத்தில் டெலிடைப் என்பார்கள். பார்க்கப் பெரிய தட்டச்சுப் பொறி போலிருக்கும். நீங்கள் விசையை அழுத்தினால் அந்த எழுத்தின் எண் கம்பி வழியே கணினிக்குச் செல்லும். கணினி எண்களைத் திருப்பி அனுப்பினால் பொறி அவற்றைக் காகிதத்தில் எழுத்தாக அச்சிடும். 1963இல் வந்த டெலிடைப் 33 என்ற பொறி ஒரு வினாடிக்கு 10 எழுத்துகளை அச்சிட்டது. உங்கள் கைப்பேசி ஒரு செய்தியைக் காட்டும் நேரத்தில் அது ஒரு சொல்லைக்கூட முடித்திருக்காது.

இந்தப் பொறிக்குள் உண்மையான மணி ஒன்று இருந்தது. பொறியை இயக்குபவர் வேறு வேலையில் இருந்தால், மறுமுனையில் இருப்பவர் மணியை அடித்து அவரை அழைக்கலாம். "இங்கே பாருங்கள், முக்கியமான செய்தி வருகிறது" என்பதுதான் அந்த மணியின் பொருள்.

மணியை அடிக்கத் தனியாக ஒரு கம்பி இழுக்கவில்லை. எழுத்துகள் செல்லும் அதே கம்பியில், மணிக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கினார்கள். அந்த எண் வந்தால் பொறி எதையும் அச்சிடாது. மணியை மட்டும் அடிக்கும்.

பொறி மறைந்துவிட்டது. பெயர் மறையவில்லை. லினக்ஸ் கன்சோலில் "டிடிஒய்" என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். டெலிடைப் பொறியின் பெயரைச் சுருக்கி அமைத்த மூன்றெழுத்துச் சொல் அது. நீங்கள் எந்த முனையத்தில் அமர்ந்திருக்கிறீர்கள் என்று கணினி சொல்லும். அந்தப் பதிலிலும் அதே மூன்று எழுத்துகள் இருக்கும்.

128 எண்கள், 33 கட்டளைகள்

அதே 1963இல் ஆஸ்கி என்ற குறியீட்டு அட்டவணை வெளியானது. ஒவ்வோர் எழுத்துக்கும் 7 பிட் கொண்ட ஓர் எண். 7 பிட்டுகளால் 2இன் 7ஆம் அடுக்கு, அதாவது 128 எண்களை எழுதலாம்: 0 முதல் 127 வரை. படிவம் 4 கணிதத்தில் எண் அடிமானம் படிப்பவர்களுக்கு இது பழக்கமான கணக்கு.

இந்த 128இல் 95 எண்கள் மட்டுமே அச்சாகும் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரியவை. சொல் இடைவெளியும் அதில் அடங்கும். மீதி 33 எண்கள் கட்டுப்பாட்டுக் குறியீடுகள். அவை கண்ணுக்குத் தெரியாது. பொறியை ஏதாவது செய்யச் சொல்லும். சிலவற்றைப் பாருங்கள்:

7 – மணியடி
8 – ஓர் இடம் பின்னால் போ
9 – அடுத்த பத்தி நிறுத்தத்துக்குத் தாவு
10 – ஒரு வரி கீழே இறங்கு
13 – வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு
27 – எஸ்கேப்

விசைப்பலகையில் கன்ட்ரோல் என்ற விசை ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இந்தக் கட்டுப்பாட்டுக் குறியீடுகளை அனுப்பத்தான் அது பிறந்தது. பெரிய ஜி எழுத்தின் எண் 71. இரும எண்ணில் 1000111. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஜி எழுத்தை அழுத்தினால், இடப்பக்கம் 64ஐக் குறிக்கும் 1 அணைந்து 0 ஆகும். மிஞ்சுவது 0000111, அதாவது 7. கன்ட்ரோலும் ஜியும் சேர்ந்தால் மணி. ஜி என்பது ஆங்கில அகரவரிசையில் ஏழாவது எழுத்து என்பதையும் கவனியுங்கள்.

செய்து பாருங்கள் 1: மணியை அனுப்புதல்

லினக்ஸ் அல்லது மேக் கணினியில் முனையத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

1. "கேட்" என்று தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். ஆங்கிலத்தில் பூனைக்கு எழுதும் அதே மூன்று எழுத்துகள். இந்தக் கட்டளை நீங்கள் கொடுக்கும் வரியை அப்படியே திருப்பி அனுப்பும்.
2. கன்ட்ரோல் விசையோடு ஜி எழுத்தை அழுத்துங்கள். திரையில் ஒரு கூரைக் குறியும் ஜி எழுத்தும் தோன்றும். மணி இன்னும் அடிக்காது.
3. என்டர் அழுத்துங்கள். இப்போது மணி அடிக்கும்.
4. வெளியேறக் கன்ட்ரோல் விசையோடு, அகரவரிசையில் நான்காவதாக வரும் எழுத்தை அழுத்துங்கள்.

இரண்டாவது படியில் ஏன் மணி அடிக்கவில்லை? நீங்கள் விசையை அழுத்தும்போது 7 என்ற எண் கணினிக்குள் செல்கிறது. அது வந்து சேர்ந்ததைக் காட்டக் கணினி கூரைக் குறியை எழுதுகிறது. என்டர் அழுத்திய பிறகுதான் கேட் கட்டளை அந்த 7ஐத் திரையை நோக்கி அனுப்புகிறது. திரை அதைப் பெற்றதும் மணி அடிக்கிறது. உள்ளே செல்லும் பாதை வேறு, வெளியே வரும் பாதை வேறு.

ஒலியே வரவில்லையா? உங்கள் கணினியில் மணி முன்பே முடக்கப்பட்டிருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எஸ்கேப்: 33 கட்டளைகள் போதாதபோது

காகிதப் பொறிக்கு 33 கட்டளைகள் தாராளம். கண்ணாடித் திரை வந்தபோது அவை போதவில்லை. திரையில் எழுத்தை அழிக்கலாம், குறிமுள்ளை எந்த மூலைக்கும் நகர்த்தலாம், வண்ணம் மாற்றலாம். அத்தனைக்கும் எண் ஒதுக்க அட்டவணையில் இடமில்லை.

அதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். 27ஆம் எண்ணான எஸ்கேப்பை எடுத்துக்கொண்டார்கள். அது வந்தால், "இதற்குப் பின்னால் வரும் சில எழுத்துகளை அச்சிடாதே, அவை கட்டளை" என்று பொருள். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 என்ற முனையம் இந்த முறையைப் பரவலாக்கியது. அதில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். இன்றைய முனையச் சாளரங்கள் பலவும் 80க்கு 24 என்ற அளவில் திறப்பதற்கு இந்தப் பழைய பெட்டிதான் காரணம்.

வண்ணத்துக்கான எஸ்கேப் கட்டளையில் அழகான கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. எழுத்தின் வண்ணத்துக்கு 30 முதல் 37 வரை எண்கள். கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4. மற்ற வண்ணங்களைக் கூட்டிப் பெறலாம்:

0 – கறுப்பு (எந்த ஒளியும் இல்லை)
3 – மஞ்சள் (சிவப்பு 1 + பச்சை 2)
5 – மெஜந்தா (சிவப்பு 1 + நீலம் 4)
6 – சயான் (பச்சை 2 + நீலம் 4)
7 – வெள்ளை (மூன்றும் சேர்ந்து)

ஒளியின் முதன்மை வண்ணங்களைச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று அறிவியலில் படித்ததும் இதுவும் ஒன்றே. மூன்று பிட்டுகள், மூன்று விளக்குகள், எட்டு வண்ணங்கள்.

செய்து பாருங்கள் 2: பச்சை எழுத்து

மீண்டும் கேட் கட்டளையைத் தொடங்குங்கள். எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்துங்கள். பிறகு இடச் சதுர அடைப்புக்குறி, 32, சிறிய எம் எழுத்து ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். இனி வரும் எழுத்துகள் பச்சையாகும். பழைய நிலைக்குத் திரும்ப, 32க்குப் பதில் 0 போட்டு அதையே செய்யுங்கள்.

எந்த மென்பொருளையும் நிறுவவில்லை. எந்தப் பட்டியலையும் திறக்கவில்லை. ஐந்து குறியீடுகளை அனுப்பினோம்; திரை கீழ்ப்படிந்தது.

செட்டெர்ம்: நம் சார்பில் பேசும் கட்டளை

ஒவ்வொரு முறையும் எஸ்கேப்பையும் அடைப்புக்குறியையும் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். அதற்காகவே லினக்ஸில் "செட்டெர்ம்" என்ற கட்டளை இருக்கிறது. செட் என்ற சொல்லோடு டெர்மினல் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்துகளைச் சேர்த்தால் அதன் எழுத்துக்கூட்டல் கிடைக்கும். நாம் பழகிய சொல்லில் கேட்கிறோம். அது எஸ்கேப் மொழியில் திரையிடம் சொல்கிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் போல.

இது முழுமையாக வேலை செய்வது லினக்ஸின் முழுத்திரைக் கன்சோலில். வரைகலைத் திரையில் இருப்பவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பல கணினிகளில் கன்சோலுக்குச் செல்லலாம். திரும்பி வர எஃப்1 அல்லது எஃப்2ஐப் பயன்படுத்திப் பாருங்கள். ஒவ்வொரு விருப்பத்துக்கும் முன்னால் இரண்டு சிறு கோடுகள் போட வேண்டும்.

செட்டெர்ம் --ஃபோர்கிரவுண்ட் கிரீன்: எழுத்து பச்சையாகும்.
செட்டெர்ம் --பேக்கிரவுண்ட் புளூ: பின்னணி நீலமாகும்.
செட்டெர்ம் --ஸ்டோர்: இப்போதைய வண்ணங்களையே இயல்பு வண்ணங்களாக வைத்துக்கொள்ளும்.
செட்டெர்ம் --கர்சர் ஆஃப்: குறிமுள் மறையும். ஆஃப் என்ற இடத்தில் ஆன் போட்டால் திரும்ப வரும்.
செட்டெர்ம் --பிஃப்ரெக் 440: மணியின் அதிர்வெண்ணை 440 ஹெர்ட்ஸ் ஆக்கும். பெல் என்பதன் முதல் எழுத்தோடு ஃப்ரீக்குவென்சி என்பதன் முதல் நான்கு எழுத்துகள்.
செட்டெர்ம் --பிலெங்த் 50: மணி ஒலிக்கும் நேரத்தை 50 மில்லி வினாடி ஆக்கும். பெல் என்பதன் முதல் எழுத்தோடு லெங்த் என்ற முழுச்சொல். 0 கொடுத்தால் மணி ஊமையாகிவிடும்.

செட்டெர்ம் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று பார்க்க ஆசையா? கன்சோலில் கட்டளையின் முடிவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதன்பின் கேட் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் வி எழுத்தும் சேருங்கள். செட்டெர்ம் அனுப்பியது திரையைச் சேர்வதற்கு முன் கேட் அதைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும்படி எழுதிக் காட்டும். மணியின் அதிர்வெண்ணை 440 ஆக்கும் கட்டளையில் எஸ்கேப் குறியை அடுத்து [10;440] என்று வரும். 10 என்றால் "மணியின் அதிர்வெண்", 440 என்றால் அளவு. மணியின் நீளத்துக்கு 11. அவ்வளவுதான் அதன் மாயம்.

இந்த மாற்றங்கள் கணினியை அணைத்து மீண்டும் தொடங்கும்போது மறைந்துவிடும். ஆகவே அச்சமின்றிச் சோதிக்கலாம்.

மணிக்குள் இருக்கும் இயற்பியல்

லினக்ஸ் கன்சோலின் இயல்பான மணி 750 ஹெர்ட்ஸ், 125 மில்லி வினாடி. அதாவது ஒலிபெருக்கியின் தகடு ஒரு வினாடிக்கு 750 முறை அதிரும் வேகத்தில், எட்டில் ஒரு வினாடி மட்டும் அதிர்கிறது. 750 × 0.125 = 93.75. ஒரு "பீப்" ஒலியில் ஏறக்குறைய 94 அதிர்வுகள்.

காற்றில் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், அலைநீளம் = வேகம் ÷ அதிர்வெண் = 340 ÷ 750 = 0.45 மீட்டர். ஏறத்தாழ ஒன்றரை அடி. மணியை 440 ஹெர்ட்ஸுக்குத் தாழ்த்தினால் அலைநீளம் 0.77 மீட்டராக நீளும். படிவம் 4 இயற்பியலில் அலைகள் பாடத்தில் வரும் சூத்திரத்தைக் காதால் சோதிக்க இது எளிய வழி.

அதிர்வெண்ணைக் கணினி எப்படி உருவாக்குகிறது? மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் நேரங்காட்டிச் சில்லு ஒன்று உண்டு. 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியில் அது இன்டெல் 8253. அதற்கு வினாடிக்கு 1,193,182 துடிப்புகள் வந்துகொண்டிருக்கும். "இத்தனை துடிப்புக்கு ஓர் அதிர்வு" என்று சில்லிடம் சொன்னால் போதும். 750 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், 1,193,182 ÷ 750 = 1590.9. சில்லுக்கு முழு எண் மட்டுமே தெரியும் என்பதால் லினக்ஸ் தசமத்தை வெட்டி 1590 என்று கொடுக்கும். அப்படியானால் உண்மையில் ஒலிப்பது 1,193,182 ÷ 1590 = 750.4 ஹெர்ட்ஸ். அந்த வேறுபாட்டை நம் காது உணராது.

இந்தச் சில்லின் கணக்கு 16 பிட் வரைதான் போகும். ஆகவே அது தரக்கூடிய மிகத் தாழ்ந்த அதிர்வெண் 1,193,182 ÷ 65,536, அதாவது சுமார் 18 ஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்பதால் அந்த வரம்பு நமக்குப் போதுமானதே.

எல்லாக் கணினியிலும் இந்தச் சிறு ஒலிபெருக்கி இருப்பதில்லை. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளில் இல்லவே இல்லை. இருக்கும் கணினிகளிலும் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் அதன் இயக்கியை முன்பே முடக்கி வைத்திருக்கும். உங்கள் கணினி மௌனமாக இருந்தால் அது பழுதில்லை.

திரைக்கும் உறக்கம் தேவை

செட்டெர்ம் --பிளாங்க் 5 என்று கொடுத்தால், 5 நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் திரை கறுத்துவிடும். ஏதேனும் ஒரு விசையை அழுத்தினால் மீண்டும் தெரியும். 0 கொடுத்தால் இந்த வசதி நின்றுவிடும்.

இதன் காரணமும் பழையது. முன்பிருந்த கண்ணாடிக் குழாய்த் திரைகளின் உட்புறத்தில் ஒளிரும் பொருள் பூசப்பட்டிருக்கும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் பல நாள் ஒளிர்ந்தால் அந்த இடத்தின் பூச்சு தேய்ந்து, திரையை அணைத்தாலும் எழுத்தின் நிழல் தெரியும். திரையைக் கறுப்பாக்குவது அதைத் தடுத்தது.

இன்றைய எல்சிடி திரையில் கதை வேறு. அதன் எழுத்துக்குப் பின்னால் விளக்கு ஒன்று எப்போதும் எரிகிறது. திரை கறுப்பாகத் தெரிந்தாலும் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தால் மின்சாரம் பெரிதாக மிச்சமாகாது. விளக்கையே அணைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு செட்டெர்ம் --பவர்டவுன் என்ற விருப்பத்தோடு நிமிடங்களைக் கொடுக்கலாம். திரையும் கணினியும் அதை ஏற்கும் வகையாக இருந்தால் திரை மின்சேமிப்பு நிலைக்குப் போகும். கறுப்பாக இருப்பதும் அணைந்திருப்பதும் ஒன்றல்ல என்பதை வீட்டுத் தொலைக்காட்சிக்கும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

மணியை அணைக்கும் முன்

மணியின் நீளத்தை 0 ஆக்கினால் அறை அமைதியாகும். ஆனால் மணி ஒரு செய்தி என்பதை மறக்க வேண்டாம். "நீங்கள் கேட்ட பெயரில் கோப்பு இல்லை", "அழிக்க இனி எழுத்து இல்லை" என்பதை அது சொல்கிறது. திரையைப் பார்க்க இயலாத ஒருவர் கணினியைப் பயன்படுத்தினால், அந்த ஒலி அவருக்கு முக்கியமான துணை. பலர் பயன்படுத்தும் கணினியில் மணியை ஊமையாக்கிவிட்டுப் போனால், அடுத்து வருபவருக்கு வரவேண்டிய செய்தியையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம்.

வயது கூடும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. 3,000 ஹெர்ட்ஸ் மணி உங்களுக்குக் கூர்மையாகக் கேட்கலாம். உங்கள் தாத்தாவுக்கு அது மங்கலாகக் கேட்கும். அவருக்கு 400 அல்லது 500 ஹெர்ட்ஸ் எளிதாக இருக்கக்கூடும். அதிர்வெண்ணை மாற்றும் வசதி விளையாட்டுக்கு மட்டும் ஏற்பட்டதன்று.

காது கேளாத நண்பருக்கு என்ன செய்வது? மணியை ஒளியாக்கலாம். செட்டெர்ம் --இன்வெர்ஸ்ஸ்கிரீன் ஆன் என்றால் திரையின் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். ஆஃப் என்றால் பழைய நிலை. இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் திரை ஒருமுறை பளிச்சிடும். பல முனைய மென்பொருள்களில் "காட்சி மணி" என்ற அமைப்பு உண்டு. அது மணி வரும்போதெல்லாம் இதைப் போலவே ஒளியைக் காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேகமாகத் திரும்பத் திரும்பப் பளிச்சிடும் ஒளி, சிலருக்கு வலிப்பைத் தூண்டும். இணையப் பக்கங்களுக்கான அனைத்துலக அணுகல்தன்மை வழிகாட்டி, ஒரு வினாடிக்குள் மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்கிறது. நண்பரின் திரையை விளையாட்டுக்காகக்கூட வேகமாக மின்னவிடாதீர்கள்.

ஒரே பாதையில் ஓர் ஆபத்து

இப்போது பெரிய பாடத்துக்கு வருவோம். எழுத்தும் கட்டளையும் ஒரே பாதையில் வருகின்றன. அப்படியானால், கட்டளையை யார் அனுப்பினார் என்று திரைக்குத் தெரியுமா? தெரியாது. செட்டெர்ம் அனுப்பினாலும், நீங்கள் திறந்த ஒரு கோப்பில் 27 என்ற எண் தற்செயலாக இருந்தாலும் திரை ஒரே மாதிரிதான் கீழ்ப்படியும்.

ஒரு படக் கோப்பை அல்லது பாட்டுக் கோப்பை கேட் கட்டளையால் திரைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று முனையத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மணி விடாமல் அடிக்கும். வண்ணம் மாறும். சில வேளை எழுத்துகளே கோடுகளாகவும் கட்டங்களாகவும் மாறிவிடும். 14 என்ற எண் "வேறு எழுத்துத் தொகுதிக்கு மாறு" என்று சொல்வதால் வரும் விளைவு அது. 15 வந்தால் பழைய எழுத்து திரும்பும். கணினி கெட்டுவிட்டது என்று பயந்து மின்சாரத்தை அணைக்க வேண்டாம். "ரீசெட்" என்று தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். நீங்கள் அடிக்கும் எழுத்து திரையில் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கணினிக்கு அது சரியாகத்தான் போய்ச் சேரும். திரை தன் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

தற்செயல் மட்டுமல்ல, தீய நோக்கமும் இந்த வழியில் நுழையலாம். ஒரு கோப்பின் நடுவே "மேல் வரியை அழித்துவிடு" என்ற எஸ்கேப் கட்டளையை ஒருவர் ஒளித்து வைத்தால், கோப்பில் உள்ள ஒரு வரி உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போகும். கோப்பில் இருப்பது ஒன்று, திரையில் தெரிவது வேறொன்று. அறியாத இடத்திலிருந்து வந்த கோப்பை, முன்பு சொன்ன சிறு கோடும் வி எழுத்தும் சேர்த்த கேட் கட்டளையால் பாருங்கள். ஒளிந்திருக்கும் கட்டளைகள் கூரைக் குறியோடு வெளியே தெரியும், செயல்படாது.

இதே சிக்கல் தொலைபேசிக்கும் வந்தது. அமெரிக்காவின் நெடுந்தூரத் தொலைபேசி இணைப்புகளில், "இந்தத் தடம் காலியாக இருக்கிறது" என்பதற்கு 2,600 ஹெர்ட்ஸ் ஒலியை அடையாளமாக வைத்திருந்தார்கள். மனிதக் குரல் செல்லும் அதே தடத்தில் அந்த ஒலியும் சென்றது. அதே சுருதியில் விசில் அடித்தால் நிலையம் ஏமாந்துவிடும் என்று சிலர் கண்டுபிடித்து, கட்டணமின்றிப் பேசத் தொடங்கினார்கள். முடிவில் கட்டளைகளைக் குரலிலிருந்து பிரித்துத் தனித் தடத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. தகவலும் கட்டளையும் கலந்து வரும் இடத்திலெல்லாம் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

தமிழ் எழுத்துக்குள் மணி ஒளிந்திருக்குமா?

'அ' என்ற எழுத்தைக் கணினி யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என்ற மூன்று எண்களாக அனுப்புகிறது. இந்த எண்களில் எங்காவது 7 வந்துவிட்டால், தமிழில் எழுதும்போது திடீரென்று மணி அடிக்காதா? அடிக்காது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் இந்த முறையை வடிவமைத்தபோது, 128க்குக் கீழுள்ள எண்களை ஆஸ்கிக்கே விட்டுவிட்டார்கள். ஒரு தமிழ் எழுத்தின் மூன்று எண்களும் 128 அல்லது அதற்கு மேல்தான் இருக்கும். மணிக்கும் எஸ்கேப்புக்கும் அங்கே இடமே இல்லை.

ஆனாலும் லினக்ஸ் கன்சோலில் தமிழ் சரியாகத் தெரியாது. அதன் எழுத்துருவில் அதிகம் போனால் 512 வடிவங்கள்தான் வைக்கலாம். கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் சேரும் 'கொ' போன்ற எழுத்துகளை அடுக்கும் திறனும் அதற்கு இல்லை. வரைகலைச் சாளரத்தில் இயங்கும் சில முனையங்கள் இதை ஓரளவு நன்றாகச் செய்கின்றன. இந்தக் குறையைத் தீர்ப்பது இனிவரும் தமிழ் நிரலாளர்களின் வேலை. அவர்களில் ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

உங்களுக்கு மூன்று கேள்விகள்

1. வரியைக் கீழே இறக்கும் குறியீடு 10. கன்ட்ரோல் விசையோடு எந்த எழுத்தை அழுத்தினால் அது கிடைக்கும்?
2. பின்னணி வண்ணத்துக்கு 40 முதல் 47 வரை எண்கள். 46 எந்த வண்ணம்?
3. 1,000 ஹெர்ட்ஸ் மணிக்கு நேரங்காட்டிச் சில்லிடம் எந்த முழு எண்ணைக் கொடுக்க வேண்டும்? அந்த ஒலியின் அலைநீளம் என்ன?

விடைகள்: 1. பத்தாவது எழுத்தான ஜே. அதன் எண் 74, 64ஐக் கழித்தால் 10. 2. பச்சையும் நீலமும் சேர்ந்த சயான். 3. 1193; 340 ÷ 1,000 = 0.34 மீட்டர்.

மூன்றையும் கன்சோலில் சோதித்துப் பாருங்கள். பள்ளிக் கணினியில் சோதிப்பவர்கள், பாடம் முடிந்து எழும் முன் ரீசெட் கட்டளையைக் கொடுத்து, மணியின் அதிர்வெண்ணை 750க்கும் நீளத்தை 125க்கும் மாற்றிவிட்டு எழுந்திருங்கள். அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவருக்கும் மணி கேட்க வேண்டும்.